பக்கத்து வீட்டு விலை

1

போன ஞாயிற்றுக்கிழமை ஹனோவர் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். மன்னார்ப் பக்கத்து ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், சிரித்துக்கொண்டே கிட்ட வந்தார்.

"அக்கா, உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம். ஹைசுங்கை நியாயமான விலைக்கு மாத்திப்போட்டியளாம். எங்களுக்கு உப்பிடி ஒரு நல்ல வெள்ளை அம்பிடுறான் இல்லையே."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

அதிர்ஷ்டம்! இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள், அதிர்ஷ்டம். முதியோர் இல்லத்தில் மூத்திரம் நனைந்த விரிப்புகளைத் துவைக்கிற வேலை கிடைத்தது, அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கிட்டத்தட்ட அதே விலையைக் கொடுத்து ஒரு பொருளை நானும் வாங்கினேன், அதுவும் அதிர்ஷ்டமாம். மற்றவர்களுக்கு வழமையாக நடப்பது எங்களுக்கு நடந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

செபம் சொன்ன வாயால் ஏசக்கூடாது என்று அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஹைசுங் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். இங்கே வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். அதில் ஆள் உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். குளிக்கிற தண்ணீரும் அதிலிருந்துதான். குளிர்காலத்தில் அது நின்றுபோனால் வீட்டுக்குள் மூச்சு விட்டாலே புகை வரும்.

எங்கள் வீடு ஹனோவரிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளி, ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறது. ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. இவருக்கு, என் கணவருக்கு, டயர் களஞ்சியத்தில் வேலை. வங்கிக் கடனில் வாங்கினோம். "திரும்பிப் போற எண்ணம் இல்லைப்போல" என்று எங்கள் சனமே நக்கலடித்தது. சண்டை முடிந்து திரும்பிப் போவோம் என்று பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தவர்கள்தான் நாங்களும். வைத்திருந்த பெட்டி பூஞ்சணம் பிடித்தது. பிறகுதான் வீடு வாங்கினோம்.

வாங்கின இரண்டாம் வருடம், புகைபோக்கி பார்க்கிறவர் வந்தார். கறுப்பு உடுப்புப் போட்ட அந்த மனிதர் வெறும் துப்புரவுக்காரர் இல்லை. சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து புகையை அளந்து பார்ப்பார். எங்கள் பெட்டியை அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழையது, நச்சுப்புகை கூட, குளிர் தொடங்க முதல் மாற்றுங்கள் என்றார். மரியாதையான மனிதர். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

எங்கள் நகரத்திலேயே பேர்போன ஒரு நிறுவனம் இருந்தது. அதன் முதலாளியையே வரச் சொன்னோம். இங்கே தொழிலில் கைதேர்ந்து பட்டம் வாங்கினவரை மைஸ்டர் என்பார்கள். மைஸ்டர் வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, அது பரவாயில்லை. நிலவறையில் பெட்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். வாசலுக்கும் சமையலறைக்கும் ஒரு பார்வை. சுவரில் தொங்கிய மடு மாதா படத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கண் நின்றது. பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்:

"நீ காசு கட்டு. நான் செய். எல்லாம் நல்லம். விளங்குது?"

அவர் அப்படித்தான் பேசினார். எங்களுக்கு விளங்கவேண்டுமாம் என்று தன் சொந்த மொழியையே கையைக் காலை முறித்துப் பேசினார். ஜேர்மன் மொழியிலும் எங்களைப்போல நீ, நீங்கள் இருக்கிறது. நீ என்றால் 'டு'. நீங்கள் என்றால் 'ஸீ'. அந்த மரியாதைச் சொல் எங்கள் காதுக்கு யாரோ சீ என்று முகம் சுழிக்கிற மாதிரி இருக்கும். வந்த புதிதில் வேலையிடத்தில் ஒரு பாட்டி என்னை 'ஸீ, ஸீ' என்று கூப்பிட, நான் என்ன பிழை செய்தேனோ என்று அழுதிருக்கிறேன். இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும். முன்பின் தெரியாத வளர்ந்த மனிதனை ஒரு ஜேர்மன்காரன் 'டு' என்று கூப்பிட்டால், ஒன்றில் அவனைக் குழந்தையாக நினைக்கிறான், அல்லது ஒன்றுக்கும் உதவாதவனாக நினைக்கிறான்.

ஊரில் சோதனைச் சாவடியில் என்னை ஒரு ஆமிப் பெடியன், என்னைவிட வயது குறைந்தவன், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு சொல்லால் கூப்பிட்டான். எனக்குச் சிங்களம் தெரியாது. அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள மொழி தேவைப்படவில்லை. மைஸ்டர் என் வீட்டு நிலவறையில் நின்று 'டு' என்றபோது, முதுகில் அந்தச் சாவடி வெயில் சுட்டது.

விலை பத்தொன்பதாயிரம் மார்க் என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார்.

என் மகள் நிரோஷினிதான் மொழிபெயர்ப்பு. பதினாறு வயது. கைக்குழந்தையாக வந்தவள். தமிழைவிட ஜேர்மன் அவளுக்கு வாயில் வழுக்கிக்கொண்டு வரும்.

"ஏன் இவ்வளவு விலை எண்டு கேள். என்னத்துக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்லச் சொல்லு. சும்மா எங்களைப் பேயர் எண்டு நினைக்கவேண்டாம் எண்டு சொல்லு" என்றேன்.

அவள் மைஸ்டரைப் பார்த்து நல்ல மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். கடைசியில் 'ஃபீலன் டாங்க்' என்று முடிந்தது. மிக்க நன்றி! நான் சொன்னதில் எந்த இடத்தில் நன்றி இருந்தது?

இவர் பேனையைத் தேடினார். "மைஸ்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். கையெழுத்தை வைச்சுவிடுவம்."

"யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லு" என்றேன் மகளிடம். இது மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மைஸ்டர் தோளைக் குலுக்கி, குளிர் உனக்காகக் காத்திராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

3

பக்கத்து வீட்டு ஃபிராவ் லேமன், அதாவது திருமதி லேமன், ஒரு விதவை. எங்கள் வீட்டின் மறுபாதிதான் அவருடைய வீடு. அதே நிலவறை, அதே குழாய், அதே எண்ணிக்கை அறைகள். ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. வேலிக்கு மேலாகக் கதைத்துக்கொண்டு நிற்கும்போது நான் விலையைச் சொல்ல, அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

வசந்தத்தில்தான் அவருக்கும் அதே நிறுவனம், அதே மாதிரிப் பெட்டி போட்டிருக்கிறது. பதினோராயிரத்துச் சொச்சம் கொடுத்தாராம்.

"இருக்க முடியாதே" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "உங்களுடையது பெரிதாக இருக்கலாம்" என்றார். எங்கள் இரண்டு வீட்டையும் அவர் நாற்பது வருடமாகப் பார்க்கிறவர். "அவர் நல்ல மனிதர். கோவிலில் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறார்."

எனக்கு அந்த மனுசியில் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். தன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதை நம்பாமல், என் வீட்டைத்தான் பெரிதாக்கப் பார்த்தார்.

அன்று பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இஞ்சேர், விடும். அவங்கட நாடு. நாங்கள் வந்தேறியள். கொஞ்சம் கூடக் குடுத்தால் என்ன, பிரச்சினை இல்லாமல் இருப்பம்."

"கொஞ்சமே? உங்கட எத்தினை மாசச் சம்பளம் எண்டு தெரியுமே?"

"சத்தம் போடாதையும். சுவர் மெல்லிசு."

சுவர் மெல்லிசு! பதினைந்து வருடமாக இந்த மனிதர் மெல்லிசுச் சுவர்களுக்குள்தான் வாழ்கிறார். அகதி முகாமில் மெல்லிசு, வாடகை வீட்டில் மெல்லிசு, சொந்த வீட்டிலும் மெல்லிசு. நான் வேண்டுமென்றே சட்டியைச் சத்தமாக வைத்தேன்.

எங்கள் சனத்துக்குள்ளும் கதை பரவிற்று. ஒரு அண்ணை தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்கினம். சனி ஞாயிறிலை வந்து பில் இல்லாமல் புதுப் பெட்டியைப் பூட்டித் தருவினம்." எரிவாயுவோடு விளையாட்டா? வீடு எரிந்தால் காப்புறுதி ஒரு சதம் தராது. அதைவிட, நான் ஏன் ஒளிக்கவேண்டும்? வரி கட்டுகிறேன். வங்கிக்குக் கட்டுகிறேன். கள்ளப் பொருள் வாங்குகிறவள் மாதிரி யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு ஏன் என் வீட்டைச் சூடாக்கவேண்டும்?

ஆளைப் பார்த்து விலை சொல்வது ஊரிலும் நடந்ததுதான், தெரியாதா? மன்னார்ச் சந்தையில் கருவாட்டு வியாபாரி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை சொல்வான். ஆனால் அங்கே திருப்பிப் பேசலாம். ஏசலாம். கூடையை வைத்துவிட்டு இரண்டு எட்டு நடந்தால் பின்னால் கூப்பிடுவான். இங்கே விலையை முத்திரை குத்திய வெள்ளைத் தாளில் அடித்து அனுப்புகிறார்கள். தாளோடு யார் வாயடிக்கிறது?

4

வேறு இடங்களில் விலை கேட்பது என்று நான் முடிவெடுத்தேன். நிரோஷினியைத் தொலைபேசியில் இருத்தினேன். முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள். தன் சிநேகிதிகளின் தாய்மாரெல்லாம் இப்படிச் செய்வதில்லை என்பது அவளுடைய வழமையான முறைப்பாடு. அவர்களின் தாய்மாருக்குச் செய்யவேண்டி வராது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு எடுத்தாள். பெயரைச் சொன்னாள். இந்த வருடம் இடமே இல்லை, புது வருடம் பிறந்த பிறகு எடுங்கள் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாளாம். மற்ற இடம், நாங்களே எடுக்கிறோம் என்றது. எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, நான் உடுப்புகளை மடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது அவளுடைய குரல் கேட்டது. துள்ளலான, சிரிப்புக் கலந்த குரல். வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்காத குரல்.

"குட்டன் டாக், நீனா ஷ்னைடர் பேசுகிறேன்."

நின்றுவிட்டேன். அவள் கதைத்து முடித்துத் திரும்பினாள். என்னைக் கண்டதும் வெட்கப்படவில்லை.

"அம்மா, டெர்மின் கிடைச்சிட்டு, நாள் தந்திட்டாங்கள். நாளையிண்டைக்கு வாறாங்கள். முதல் எடுத்த அதே இடம்தான். இடம் இல்லை எண்டு சொன்ன அதே பொம்பிளைதான்."

"ஆர் நீனா ஷ்னைடர்?"

"சும்மா ஒரு பேர்."

"உன்ர பேருக்கு என்ன குறை? அப்பான்ர பேருக்கு என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. வேலை நடக்காது, அவ்வளவுதான். எப்பவும் இப்பிடித்தான் செய்யிறனான். என்ர ஃபிரெண்ட்ஸின்ரை அம்மாமாருக்கும் நான் நீனாதான்."

எப்பவும். அந்தச் சொல்தான் என்னைக் குத்திற்று. மடித்த உடுப்பெல்லாம் படியில் கொட்டிவிட்டது. என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்தது இதற்கா என்று கேட்டேன். தாய்மார் எல்லாரும் கேட்கிற அந்த மலிவான கேள்வி.

அவள் திருப்பிக் கேட்டாள். "உங்களுக்கு ஹைசுங் வேணுமா, சண்டை வேணுமா அம்மா?"

இரண்டும் வேண்டும் என்றேன்.

5

ஒரு கட்டையான மனிதர் அளவு நாடாவோடு வந்தார். கதவைத் திறந்த எங்களைப் பார்த்து, பிறகு கதவு இலக்கத்தைப் பார்த்து, "ஷ்னைடர் வீடு..." என்று இழுத்தார்.

நிரோஷினி முன்னால் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் சரியான பெயரைச் சொன்னாள். இதே பெயரில் போன கிழமை உங்கள் அலுவலகத்துக்கு எடுத்தேன், புது வருடம் வரை இடம் இல்லை என்றார்கள், ஷ்னைடருக்கு மட்டும் எப்படி இடம் வந்தது என்று கேட்டாள். மெல்லிய குரல் இல்லை. கடைசியில் நன்றியும் இல்லை. எனக்கே சொல்லுக்குச் சொல் விளங்கிற்று.

அந்த மனிதரின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிற்று.

"தொலைபேசி எடுக்கிறது என் மனைவி" என்றார்.

நிலவறைக்குப் போய் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக அளந்தார். இரண்டு நாளில் விலை வந்தது. ஃபிராவ் லேமன் கொடுத்ததைவிடக் கொஞ்சமே கூட. அது நியாயத்துக்காகச் சொன்ன விலையா, வெட்கத்தில் சொன்ன விலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதுப் பெட்டி பூட்ட இரண்டு கிழமை ஆகும் என்றிருந்தது. சம்மதித்தோம்.

அதற்குள் பழைய பெட்டி செத்துப்போனது. வெளியே புல்லில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. பைப்பைத் திறந்தால் பனிக்கட்டித் தண்ணீர். ஃபிராவ் லேமன் அறை சூடாக்குகிற ஒரு மின்சார அடுப்பை வேலிக்கு மேலாகத் தந்தார். அதை ஒரு அறையில் வைத்து மூன்று பேரும் அந்த அறைக்குள்ளேயே இருந்தோம். நிரோஷினி இரண்டாம் நாளே சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள், சுடுதண்ணீரில் குளிக்கவேண்டுமாம். இவர் வேலையிடத்தில் லீவு கேட்கும்போது, கெஸல் என்கிற கொதிகலனுக்குப் பதிலாக, எங்கள் காஸ, அதாவது காசுப்பெட்டி, உடைந்துவிட்டது என்று ஜேர்மனில் சொல்லி, எல்லோரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைக் கேட்ட கையோடு நேரே மைஸ்டரின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். எனக்குச் சொல்லாமல்.

மறுநாள் காலை வாசலில் மைஸ்டரின் வான் வந்து நின்றது. பின்னால் புதுப் பெட்டி. இவர் தலையைக் குனிந்துகொண்டு, "குளிரிலை ஏலாது. நான் ஓம் எண்டுட்டன்" என்றார்.

"கையெழுத்து வைச்சியளோ?"

"இல்லை. வாயாலைதான்."

இரவு உடுப்புக்கு மேல் இவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். மொழிபெயர்க்க மகள் இல்லை. என்னிடம் இருந்தது சலவை அறையில் படித்த ஜேர்மன்தான்.

"ஃபிராவ் லேமன், பதினொன்று. நான், பத்தொன்பது. ஏன்?"

மைஸ்டரின் முகம் கொஞ்சம் மாறி, உடனே பழையபடி வந்தது. "அங்கே வேறு விதம். நீ விளங்காது."

"நீ இல்லை" என்றேன். "நீங்கள்."

"என்ன?"

"டு இல்லை. ஸீ. நான் உன் பிள்ளை இல்லை. வீடு என்னுடையது. ஏன் பத்தொன்பது?"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஃபிராவ் லேமன் தன் வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். உள்ளே திரும்பிப் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தன்னோடு பாடுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைஸ்டர் அவரைக் கண்டார். இது சந்தை இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு வான் கதவை இழுத்துச் சாத்தினார். யன்னலை இறக்கிக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"அப்படியானால் குளிரில் கிடந்துகொள்ளுங்கள்."

ஸீ என்றார். ஓம், நீங்கள் என்றுதான் சொன்னார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

குளிரில் கிடந்தோம். இவர் என்னோடு பேசவில்லை. என் பிடிவாதத்துக்கு இவரும் சேர்ந்து நடுங்கினார், அது உண்மை. இருமிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதரைப் பார்க்கும்போது, நான் செய்தது சரியா என்று நெஞ்சு கேட்டது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நகரத்தில் உள்ள மற்றவர்களுக்குச் சரியான விலை சும்மா கிடைக்கிறது. எங்களுக்கு அதே விலைக்கு இருமலும் சண்டையும் தனிக் கட்டணம்.

சொன்ன நாளில் அந்தக் கட்டை மனிதர் வந்து பூட்டினார். சுவர்க் குழாய்கள் களகளவென்று சத்தம் போட்டு வீடு சூடேறியபோது இவர் நிலவறைப் படியில் நின்று, "நல்ல வேலைதான்" என்றார். அது மட்டும்தான். ஃபிராவ் லேமன் இப்போது பாடப் போவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

6

இதையெல்லாம் அந்த மன்னார் ஆளுக்கு மண்டபத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

நிரோஷினிக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. இங்கே அதன்பிறகு ஒரு தொழிலிடத்தில் சேர்ந்து வேலை பழகவேண்டும், அவுஸ்பில்டுங் என்பார்கள். மூக்குக்கண்ணாடி செய்கிற கடையில் பழகவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். புள்ளிகள் நல்லது. விண்ணப்பங்கள் போகின்றன, அழகான வார்த்தைகளோடு திரும்பி வருகின்றன. அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த சிநேகிதிக்கு முதல் கடையிலேயே இடம் கிடைத்துவிட்டது.

"ஹைசுங்கைப் பொய்ப் பேரிலை கூப்பிடலாம் அம்மா" என்றாள் ஒருநாள், சிரிக்காமல். "பொய்ப் பேரிலை மூண்டு வருசம் வேலை பழக ஏலாது."

பெட்டிக்குப் பக்கத்து வீட்டில் விலை கேட்கலாம். இதற்கு எந்த வேலிக்கு மேலால் போய்க் கேட்பது?

இன்று பின்னேரம் பள்ளியால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஹனோவரில் உள்ள ஒரு கடை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். எந்தப் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காகப் பைப்பை மூடினேன்.

நிரோஷினி சூசைப்பிள்ளை என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும், எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவசரப்படாமல், ஒரு எழுத்தையும் விழுங்காமல், கடைசி எழுத்து வரைக்கும். காத்திருக்கச் சொன்னார்கள் போல, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

"யா" என்றாள் என் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இஹ் பின் நொஹ் ட்ரான்."

ஓம். நான் இன்னும் லைனில்தான் நிற்கிறேன்.